ஒரு வாசல், மூன்று அடுப்பு: சாட்ஸ்வர்த்தில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர்?

பேவியூ அக்கா | சனி, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். ஆடிக் கஞ்சிக்காக எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்ப் பேர் எழுதுவது சில வருடங்களாக என் வேலை. முன்பு அம்மா செய்தார். முழங்கால் வலி வந்த பிறகு நோட்டு என் கைக்கு வந்தது. அம்மாவின் பழைய நோட்டுகளும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அதில் ஒரு வாசலுக்கு ஒரு வரிதான். வாசல் எண், பெரியவர் பேர், எத்தனை பேர், எத்தனை தூக்கு. ஆள் கணக்கு 9, 11, 8, 13 என்று போகும்.

இந்த வருடம் அப்படி எழுத வரவில்லை. ஒரு வாசலில் மணி அடித்தேன். முன்வீட்டிலிருந்து தாத்தா ஒரு தூக்கோடு வந்தார். கார் நிறுத்தும் இடத்தை அறையாக்கி அவருடைய மகனும் மருமகளும் இருக்கிறார்கள், அவர்கள் ஒரு பாத்திரத்தோடு வந்தார்கள். பின்னால் அவுட்பில்டிங்கில், அதாவது கொல்லையில் தனியாகக் கட்டிய சின்ன வீட்டில், வாடகைக்கு இருக்கும் குடும்பத்துப் பிள்ளை மூன்றாவது பாத்திரத்தை நீட்டியது. அம்மா நோட்டில் அந்த வாசலுக்கு 8 பேர். இன்றைக்கு 9 பேர், ஆனால் மூன்று குடும்பம். நான் எந்த வரியில் எழுத?

இரண்டு வாசல் தள்ளி, அம்மா நோட்டில் 11 பேர் என்று இருந்த வீட்டில் ஒரே ஒரு வயதான ஆயா. மூன்று படுக்கையறை. கதவு திறக்க அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று, ஏனென்றால் மூன்று பூட்டு.

தென்னாப்பிரிக்க நாட்டுக் கணக்கைப் பார்த்தால் குடும்பம் சிறுத்துக்கொண்டுதான் வருகிறது. 1996 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 4.06 கோடி மக்கள், 90.6 லட்சம் குடும்பங்கள். வகுத்தால் குடும்பத்துக்கு 4.5 பேர். 2001இல் 4.48 கோடிக்கு 1.12 கோடி குடும்பம், அதாவது 4.0. 2011இல் 3.6. 2022இல் 6.2 கோடி மக்கள், 1.78 கோடி குடும்பங்கள், 3.5 பேர். ஆனால் என் நோட்டில் நடப்பது இந்த ஒரு எண்ணுக்குள் அடங்கவில்லை. உங்கள் பக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

டோங்காட் அண்ணன் | சனி, காலை 9.15

அக்கா, இதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் படிவத்தோடு வீடு வீடாகப் போனவன் நான்.

கணக்கெடுப்பு எண்ணுவது வாசலை அல்ல. சேர்ந்து வாழ்ந்து, சாப்பாட்டையும் மற்றத் தேவைகளையும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறவர்கள் ஒரு குடும்பம். தனியாக வாழும் ஒருவரும் ஒரு குடும்பம். அவ்வளவுதான் விதி. ஒரே கூரை, ஒரே தண்ணீர் மீட்டர், ஒரே குடும்பப் பேர், எதுவும் கணக்கில் வராது. உங்கள் தாத்தாவின் வாசலில் மூன்று படிவம் எழுத வேண்டும்.

எழுதும்போதுதான் கஷ்டம் தெரியும். ஒரு வீட்டில் மாமியார் கதவைத் திறந்தார். "நாங்கள் எல்லாரும் ஒன்றுதான்" என்றார். மருமகள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "சமையல் ஒன்றாகவா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. சமையலறையில் இரண்டு ஃபிரிட்ஜ் தெரிந்தது. கடைசியில் மாமியார் மெதுவாக, "ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றாக" என்றார். அந்த அம்மாவுக்கு நான் இரண்டாவது படிவத்தை எடுத்தபோது கண் கலங்கிவிட்டது. அரசாங்கமே வந்து வீட்டைப் பிரித்த மாதிரி அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். இன்றும் அந்த முகம் மறக்கவில்லை.

ஆகவே சராசரி குறைகிறது என்றால் இரண்டு விஷயம் நடந்திருக்கலாம். ஆட்கள் விலகிப் போயிருக்கலாம். அல்லது யாருமே நகராமல் அடுப்பு மட்டும் பிரிந்திருக்கலாம். எண்ணைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

மெரிபேங்க் தாத்தா | சனி, பகல் 12.05

பேத்தி வயதுப் பிள்ளைகள் இதைப் பேசுவது சந்தோஷம். ஆனால் கதை 1996இல் தொடங்கவில்லை அம்மா.

நாங்கள் டர்பனில் கேட்டோ மேனர் என்ற பகுதியில் இருந்தோம். மரமும் தகரமும் வைத்துக் கட்டிய வீடு. அப்பாவும் இரண்டு சித்தப்பாவும் ஒரே வீட்டில். கல்யாணம் ஆனால் பக்கத்தில் ஒரு அறையை ஒட்டிக் கட்டுவார்கள், தகரம் வாங்கினால் போதும். வீடு குடும்பத்தோடு சேர்ந்து வளரும். பின்னால் வாழை, கீரை, ஒரு மாமரம். நாங்கள் 19 பேர் ஒரே அடுப்பில் சாப்பிட்டோம்.

1950இல் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது, ஒவ்வொரு இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற சட்டம். அதன் பிறகு எங்களை அங்கிருந்து கிளப்பினார்கள். சாட்ஸ்வர்த் 1960களில் கட்டப்பட்டது அதற்காகத்தான். அங்கே கொடுத்தது நகராட்சி வீடு. வரிசையாக, ஒரே அளவு, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுச்சுவர் பொது. 19 பேர் எப்படி நுழைவது? சாட்ஸ்வர்த்தை யூனிட் யூனிட்டாகப் பிரித்திருந்தார்கள். அப்பாவுக்கு ஒரு யூனிட்டில் வீடு, பெரிய சித்தப்பாவுக்கு வேறு யூனிட்டில், சின்னவருக்குக் கொஞ்ச நாள் எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் தம்பியைப் பார்க்க பஸ் பிடித்துப் போக வேண்டியதாயிற்று. டர்பனின் மேகசீன் பேரக்ஸ் குடியிருப்பில் தலைமுறை தலைமுறையாக இருந்த நகராட்சித் தொழிலாளர் குடும்பங்களுக்கும் இதே கதிதான். அங்கே எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள்.

கூட்டுக் குடும்பம் நாகரிகத்தால் உடைந்தது, சினிமாவால் உடைந்தது, இங்கிலீஷ் படிப்பால் உடைந்தது என்று கோயிலில் பேசுகிறார்கள். எங்கள் குடும்பத்தை உடைத்தது வரைபடம். ஒரு குடும்பம் என்றால் அப்பா, அம்மா, நான்கு பிள்ளை என்று யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவு செய்து சுவர் எழுப்பினார். இதை இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேவியூ அக்கா | சனி, பகல் 12.50

தாத்தா, இதைப் படித்ததும் அம்மாவிடம் போய்க் கேட்டேன். அம்மா நோட்டில் 13, 16 என்று இருக்கிறதே, அந்தச் சின்ன வீட்டில் எப்படி என்று. "உடைத்ததை நாங்கள் திரும்ப ஒட்டினோம்" என்றார். முதலில் கொல்லையில் ஒரு தகர அறை, பிறகு கல் சுவர், பிறகு மாடி. வீட்டுத் திருமணங்கள் முடிய முடிய அறை கூடியதாம். அப்படியென்றால் இன்று நாம் பார்க்கும் அவுட்பில்டிங் எல்லாம் அந்த ஒட்டு வேலையின் மிச்சம்தானே. அன்று மகனுக்காகக் கட்டியது, இன்று வாடகைக்குப் போகிறது.

மிட்ரேண்டில் மதுரைக்காரன் | சனி, மாலை 4.30

நான் மதுரையிலிருந்து கணினி வேலைக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் டர்பனில், இப்போது மிட்ரேண்டில். தாத்தா சொன்னது எனக்குப் புதிய செய்தி, நன்றி ஐயா.

இந்தப் பக்கத்து எண்ணையும் பாருங்கள். 2022இல் மிட்ரேண்ட் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் 1.51 கோடி மக்கள், 53 லட்சம் குடும்பங்கள். குடும்பத்துக்கு 2.8 பேர். 2011இல் இங்கே 3.1 இருந்தது. டர்பன் இருக்கும் குவாசுலு நட்டாலில் 1.24 கோடி மக்கள், 28.5 லட்சம் குடும்பங்கள், 4.4 பேர். அங்கே 2011இல் 4.0. அதாவது உங்கள் மாகாணத்தில் ஏறியிருக்கிறது, இங்கே இறங்கியிருக்கிறது.

என் அடுக்ககத்திலேயே சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பிள்ளைகள் நிறையப் பேர். ஆளுக்கு ஒரு ஃபிளாட். வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என்3 சாலையில் டர்பனுக்கு ஆறு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய், ஞாயிறு இரவு அம்மா கட்டிக் கொடுத்த பிரியாணி டப்பாக்களோடு திரும்பி வருகிறார்கள். கணக்கில் அவர்கள் ஒரு நபர் குடும்பம். அவர்கள் ஃபிரிஸரில் இருப்பதோ சாட்ஸ்வர்த் சமையல்.

ஒரு சந்தேகம், தவறாக நினைக்க வேண்டாம். தனியாக இருக்கும் பெற்றோரை ஏன் இங்கே அழைத்துக்கொள்வதில்லை? எங்கள் ஊரில் அப்படித்தான் செய்வார்கள்.

பேவியூ அக்கா | சனி, மாலை 5.10

தம்பி, தவறாக நினைக்கவில்லை. நான் சொன்ன ஆயாவை அவர் மகன் அழைத்துக்கொண்டு போனார். மூன்று மாதத்தில் திரும்பிவிட்டார். "பகலெல்லாம் கேட்டுக்குள் இருக்கிறேன், பேச ஒரு வாய் இல்லை, கோயிலுக்குப் போக கார் வேண்டும்" என்றார். இங்கே அவருக்குக் கோயில் நடந்து போகும் தூரம். மாதம் பிறந்தால் பென்ஷன் பணம் அவர் கைக்கு வருகிறது, 60 வயதானால் வருமானம் பார்த்து அரசு கொடுக்கும் பணம்தான், அதில் தன் இஷ்டப்படி சாமிக்குப் பூ வாங்குகிறார். தனியாக இருப்பது அவருக்கு வந்த விதி இல்லை. அவரே தேர்ந்தெடுத்தது. எனக்குப் பயம் இரவு நேரத்தை நினைத்துத்தான்.

டோங்காட் அண்ணன் | சனி, மாலை 6.00

மதுரைத் தம்பி சொன்ன மாகாண எண்கள் சரி. ஆனால் அவற்றை நம் ஆட்களின் எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கௌடெங்கில் வேலை தேடி நாட்டின் எல்லா மூலையிலிருந்தும், அக்கம்பக்கத்து நாடுகளிலிருந்தும் வந்து தனியாகத் தங்குகிறார்கள். குவாசுலு நட்டாலில் கிராமப்புற சூலு குடும்பங்கள் பெரியவை. பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாம் ஒரே முற்றத்தில். இந்தியர் மொத்த நாட்டிலேயே 100க்கு மூன்று பேர்கூட இல்லை. மாகாண சராசரியில் நம் தெரு கரைந்துபோகும்.

இன்னொன்று. 2022 கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் 100க்கு 31 பேர் என்று பிறகு நடந்த சரிபார்ப்பில் தெரிந்தது. விடுபட்டவர்களுக்காகத் திருத்திய பிறகுதான் இந்த எண்கள் வெளியாயின. உயரமான கேட், நாய், மணி அடித்தால் பதில் சொல்லாத வீடு, இதெல்லாம் எங்கே அதிகம் என்று உங்களுக்கே தெரியும். அதனால் 3.6க்கும் 3.5க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துக்கொண்டு நான் எதையும் சாதிக்க மாட்டேன். 1996இன் 4.5 எங்கே, இன்று எங்கே என்பது வேறு. அந்த இறக்கம் பெரியது, அதை நம்பலாம்.

வெஸ்ட்கிளிஃப் மருமகள் | ஞாயிறு, காலை 6.20

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ஒன்று சொல்லியாக வேண்டும்.

19 பேர் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள் என்று தாத்தா எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் கேள்வி, அந்த அடுப்பின் முன்னால் நின்றது யார் என்பதுதான். நான் கல்யாணமாகி வந்த வீட்டில் 12 பேர். காலை நான்கு மணிக்கு எழுந்து ரொட்டி சுடுவேன். பிறகு பஸ் பிடித்துத் துணி ஆலைக்குப் போய் மாலை வரை தையல் மெஷினில் உட்காருவேன். திரும்பி வந்தால் மறுபடி அடுப்பு. என் சம்பளம் மாமியார் கையில். அந்தக் காலத்தில் டர்பன் துணி ஆலைகளில் எங்கள் மாதிரி ஆயிரக்கணக்கான பெண்கள். சம்பளம் வந்தது, தைரியமும் அதோடு வந்தது. எத்தனை பிள்ளை என்று நாங்களே முடிவு செய்யத் தொடங்கினோம். என் மாமியாருக்கு ஒன்பது, எனக்கு மூன்று, என் மகளுக்கு ஒன்று. குடும்பம் சிறுத்ததற்கு வரைபடம் ஒரு காரணம் என்றால், இதுவும் ஒரு காரணம். இதற்காக நான் வருத்தப்படவில்லை.

பிறகு வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து 1990களில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. வேலை போனது. ஆனால் தனி அடுப்பை நான் விடவில்லை. பின்கட்டில் இரண்டு தட்டு ஸ்டவ் ஒன்றை வைத்து நான் தனியாகச் சமைத்த முதல் நாள், என் பிள்ளைகளுக்குப் பிடித்த மீன் குழம்பு வைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

டோங்காட் அண்ணன் சொன்ன அந்த மருமகளும் அன்று பேசாமல் நின்றதற்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

மெரிபேங்க் தாத்தா | ஞாயிறு, காலை 8.45

நீ சொன்னது சரி அம்மா. என் அம்மா நாங்கள் எல்லாரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டதை நான் பார்த்திருக்கிறேன். நேற்று எழுதும்போது மாமரம் ஞாபகம் வந்தது, அது ஞாபகம் வரவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

போர்ட் லூயிஸ் தங்கை | ஞாயிறு, காலை 10.30

மொரிஷியசிலிருந்து வணக்கம். இங்கே நம் அடுப்பு மேலே ஏறுகிறது! மொட்டை மாடியில் கம்பிகளை வெட்டாமல் நீட்டியே விட்டுவைப்பார்கள், மகனுக்குக் கல்யாணம் ஆனால் அடுத்த தளம் கட்ட. கீழே அப்பா அம்மா, நடுவில் பெரியவன், மேலே சின்னவன். நிலம் கொஞ்சம், பிரெஞ்சுச் சட்டப்படி பிள்ளைகளுக்குப் பங்கும் உண்டு. அதனால் பக்கவாட்டில் பிரிப்பதைவிட மேலே போவது சுலபம். தளத்துக்கு ஒரு சமையலறை, ஒரு மின் மீட்டர். ஆனால் காவடிக்கு விரதம் இருக்கும் நாட்களில் கீழ்த்தளத்தில் மட்டும்தான் சமையல், எல்லாரும் கீழே இறங்கி வந்துவிடுவோம். அந்த நாட்களில் யாராவது கணக்கெடுக்க வந்தால் நாங்கள் ஒரே குடும்பம் என்றுதான் எழுதுவார்கள்.

டோங்காட் அண்ணன் | ஞாயிறு, பகல் 1.15

தங்கை சொன்னது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும். புரட்டாசி முழுக்க எங்கள் வீட்டில் ஒரே சைவ அடுப்பு. அண்ணன் குடும்பம் மாமிசம் விட்ட நாளிலிருந்து எங்களோடு வந்துவிடும். 2011 கணக்கெடுப்பு இரவு அக்டோபர் 9. புரட்டாசி மாதம்!

2022 இன்னும் மோசம். கணக்கெடுப்பு இரவு பிப்ரவரி 2. ஏப்ரலில் அந்தப் பெரிய வெள்ளம் வந்தது. டோங்காட் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டாங்கர் லாரிக்கு வாளியோடு வரிசை. என் தங்கை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெருலத்தில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டாள். என் அம்மா என்னோடு வந்தார். பிப்ரவரியில் மூன்றாக இருந்த குடும்பம் மே மாதம் வேறு மூன்றாக இருந்தது. கணக்கெடுப்பு ஒரே ஒரு இரவின் படம்தான்.

மிட்ரேண்டில் மதுரைக்காரன் | ஞாயிறு, பகல் 2.00

நான் கேட்ட கேள்வி எவ்வளவு அவசரமானது என்று இப்போது புரிகிறது. மதுரையில் என் அம்மா அப்பாவும் தனியாகத்தான் இருக்கிறார்கள். எங்கள் ஊரில் அழைத்துக்கொள்வார்கள் என்று எழுதினேன், நான் அழைத்துக்கொள்ளவில்லையே. இன்று காலை போன் செய்தேன். பக்கத்து வீட்டு அத்தையிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறார்களாம். எனக்கு இதுவரை தெரியாது.

குரோஃப்ட்டீன் சித்தப்பா | ஞாயிறு, மாலை 5.35

ஒரு நடைமுறை விஷயம். இந்த வாசல்-அடுப்பு வித்தியாசம் நம் பாக்கெட்டிலும் இடிக்கிறது. டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி நகராட்சியில் தண்ணீர்க் கட்டணம் படிப்படியாக ஏறும். அதிகம் செலவானால் லிட்டருக்கு விலையும் அதிகம். அந்தப் படி மீட்டருக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் குளித்துத் துவைத்தால், ஒவ்வொருவரும் சிக்கனமாக இருந்தாலும் மூன்று பேரும் சேர்ந்து மேல் படிக்குப் போய்விடுவார்கள். எங்கள் வாசலில் மாதா மாதம் இதனால்தான் சண்டை. யார் எவ்வளவு கொடுப்பது? குடித்தனக்காரர் இரண்டு பேர், நாங்கள் ஆறு பேர், ஆனால் அவர் வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது.

தனி மீட்டர் கேட்கலாமே என்பீர்கள். அதற்கு அவுட்பில்டிங்குக்கு நகராட்சி ஒப்புதல் பெற்ற வரைபடம் வேண்டும். எங்கள் பக்கம் பாதிப் பேரிடம் அது கிடையாது. அப்பா காலத்தில் கட்டியது, யார் வரைபடம் போட்டார்கள்? பள்ளிக்கூட இடம், பஸ், குப்பை எடுப்பது எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான். குடும்பம் சிறுத்துவிட்டது என்று எண் சொல்லும்போது, தெருவில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தெருவில் குப்பைப் பை குறையவே இல்லை, கூடியிருக்கிறது.

பேவியூ அக்கா | ஞாயிறு, இரவு 8.10

எல்லோருக்கும் நன்றி. நேற்று காலை ஒரு சின்னக் கேள்வியோடு வந்தேன். இன்று மதியம் அம்மாவோடு உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டோம். புதுப் பக்கத்தில் வாசலுக்கு ஒரு வரி இல்லை, அடுப்புக்கு ஒரு வரி. ஒரே வாசலில் இருக்கும் அடுப்புகளைப் பக்கத்தில் ஒரு வளைகோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம். "அப்போதுதான் யார் யாரோடு சேர்ந்தவர் என்று தெரியும்" என்று அம்மா சொன்னார். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் வரி உண்டு. தமிழோ, சூலுவோ, மலாவியிலிருந்து வந்தவரோ, பாத்திரம் நீட்டினால் பேர் எழுத வேண்டும்.

வெஸ்ட்கிளிஃப் அக்கா, உங்களுக்காக ஒரு மாற்றம். பழைய நோட்டில் "வீட்டுத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதை அடித்துவிட்டு "சமைப்பவர்" என்று போட்டேன். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு எங்கள் வரியில் தன் பேரை அவரே எழுதினார்.

கடைசிக் கட்டம் மதுரைத் தம்பியின் அம்மாவிடமிருந்து வந்தது. "இரவில் தனியாக இருப்பவர்" என்று எழுதி, பக்கத்தில் "சாவி யாரிடம்". தெருவில் நான்கு பேருக்கு அந்தக் கட்டம் நிரப்ப வேண்டியிருந்தது. மூன்று பேருக்கு ஏற்கெனவே பக்கத்து வீட்டில் சாவி இருக்கிறது. ஆயாவிடம் இல்லை. சாயங்காலம் போய்க் கேட்டேன். முதலில் வேண்டாம் என்றார். பிறகு உள்ளே போய் நிறைய நேரம் தேடி, பழைய பிஸ்கட் டின்னிலிருந்து மூன்று பூட்டுக்கும் மூன்று சாவி எடுத்து வந்து நூலில் கோத்துக் கொடுத்தார். "காலை ஏழு மணிக்குத் திரை விலகியிருந்தால் நான் எழுந்துவிட்டேன் என்று அர்த்தம். விலகவில்லை என்றால் வா" என்றார்.

அடுத்த வெள்ளி கஞ்சி. குரோஃப்ட்டீன் சித்தப்பா, பெரிய அண்டா உங்களிடம்தானே இருக்கிறது? வியாழன் மாலை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புகிறேன்.

குரோஃப்ட்டீன் சித்தப்பா | ஞாயிறு, இரவு 8.25

இருக்கிறது அம்மா. கழுவி வைக்கிறேன். ஐந்து மணிக்கு மேல் அனுப்பு.